நாமெல்லாரும் நித்திரையடைவோமா?



இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஓயாமல் வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. "இந்த யுத்தம் வெளிப்படுத்தல் புஸ்தகத்தில் இருக்கிறதா?" "ஊரிலிருந்து மாமா அனுப்பின வீடியோவில் இந்த வருஷம்தான் என்கிறார்களே?" "படிப்பு முடிவதற்குள் வருகை வந்துவிட்டால்?" கடைசியில் சொன்னது பெரும்பாலும் தேர்வுக் காலத்தில்தான் வருகிறது என்பதையும் கவனித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் சென்ற மாதம் ஒரு தங்கச்சி எழுதின கடிதம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அவருடைய அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். போரில் வீட்டையும் பிள்ளைகளையும் இழந்து, ஜெர்மனிக்கு வந்து, கடைசி வரைக்கும் ஆலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தவர். "நான் சாகமாட்டன், ஆண்டவர் வாறதை இந்தக் கண்ணாலதான் பாப்பன்" என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இந்த மாரிகாலத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தங்கச்சி கேட்டிருந்தது ஒரே வரி: "அப்போ அம்மம்மா நம்பினது பிழையா?"

இதற்கு டிரெஸ்டனில் இருந்துகொண்டு பதில் எழுதக் கிடைத்ததை ஒரு நன்மையாகவே நினைக்கிறோம். ஏனென்றால், இதே கேள்வி யாரோ ஒருவரை வருத்தி, அதனால் பவுல் அப்போஸ்தலனுடைய வசனம் ஒன்றே இடம் மாறி எழுதப்பட்டிருக்கிற ஒரு பழைய புஸ்தகம் இந்த ஊரில்தான் இருக்கிறது.

டிரெஸ்டன் நமக்கு அந்நியமான ஊரும் இல்லை. 1836-ல் இங்கே ஏற்பட்ட லுத்தரன் மிஷன் சங்கம்தான் 1840-ல் கோர்டஸ் ஐயரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. 1848-ல் அந்தச் சங்கம் லைப்சிக் நகருக்குப் போனது. அதற்குப் பிறகு லைப்சிக் மிஷன் என்ற பெயரே நிலைத்துவிட்டதால், நம் லுத்தரன் குடும்பங்களிலும் டிரெஸ்டனை நினைக்கிறவர் குறைவு. அது வேறு கதை, இன்னொரு மாதம் எழுதுவோம்.

புஸ்தகத்துக்கு வருவோம். சாக்சனி மாநில நூலகமும் இங்குள்ள பல்கலைக்கழக நூலகமும் ஒன்றுதான். நம் பிள்ளைகள் மடிக்கணினியோடு போய் இடம் பிடிக்கிற அதே கட்டிடம். அதன் கையெழுத்துப் பிரதிகளில் 99 தோல் ஏடுகள் கொண்ட ஒன்று உண்டு. பவுலின் நிருபங்கள் அதில் கிரேக்கத்தில் எழுதப்பட்டு, ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கும் மேலே அதன் லத்தீன் பொருள் சின்ன எழுத்தில் போடப்பட்டிருக்கிறது. நாம் ஜெர்மன் வகுப்பில் பாடப்புத்தகத்து வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுதிவைப்போமே, கிட்டத்தட்ட அப்படித்தான். 9-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள சங்க் காலன் மடத்தில் எழுதப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். ஒரு பக்கத்தின் அடியில் பழைய ஐரிஷ் மொழியில் ஒரு சிறு பாட்டு இருப்பதால், எழுதினவர் அயர்லாந்துத் துறவி என்று எண்ணுகிறார்கள். 1705-ல் லைப்சிக் வேதசாஸ்திரப் பேராசிரியர் பெர்னர் இதை ஏலத்தில் வாங்கினார். அதனால் இது பெர்னர் பிரதி என்றே பெயர் பெற்றது. எபிரெயர் நிருபம் இதில் இல்லை. பிலேமோன் முடிந்ததும் "லவோதிக்கேயருக்கு" என்று ஒரு தலைப்பு மட்டும் இருக்கிறது. அதன் கீழே நிருபம் எதுவும் இல்லை.

இதில் 1 கொரிந்தியர் 15:51-ஐப் பாருங்கள். அடக்க ஆராதனைகளில் நாம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பகுதி. நம் தமிழ் வேதாகமத்தில் பவுல் ஒரு இரகசியத்தைச் சொல்கிறார்: நம்மில் எல்லாரும் சாகப்போவதில்லை, ஆனால் எல்லாரும் மறுரூபமாவோம். டிரெஸ்டன் பிரதியில் இது தலைகீழாக இருக்கிறது. எல்லாரும் சாவோம், ஆனால் எல்லாரும் மறுரூபமாவதில்லை!

எப்படி? கிரேக்கத்தில் "இல்லை" என்பதற்கு "ஊ" என்று உச்சரிக்கிற இரண்டெழுத்துச் சொல் ஒன்று உண்டு. அது முதல் பாதியிலிருந்து எழுந்து போய் இரண்டாம் பாதியில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த ஐரிஷ் துறவி செய்த வேலை இது என்று நினைக்க வேண்டாம். அவருக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியிலும் வசனம் இப்படியே இருக்கிறது. அதே நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியிலோ நம்முடைய தமிழில் உள்ளபடியே இருக்கிறது. சுமார் கி.பி. 200-ஐச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் பிரதியில் "இல்லை" இரண்டு பாதியிலும் வருகிறது. பாரிஸிலுள்ள இன்னொரு பழைய பிரதி, எல்லாரும் எழுந்திருப்போம் ஆனால் எல்லாரும் மறுரூபமாவதில்லை என்கிறது. ஒரே ஒரு வசனம், இத்தனை விதம். ஆதிச் சபை இந்த இடத்தில் எவ்வளவு தடுமாறியிருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. "நம்மில் எல்லாரும் சாகப்போவதில்லை" என்று பவுல் எழுதினது கி.பி. 55 வாக்கில். பிறகு பவுலும் மரித்தார். அதை முதன்முதல் வாசிக்கக் கேட்ட கொரிந்து சபையாரும் மரித்தார்கள், அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மரித்தார்கள். நூறு வருஷம் கழித்து இதைப் பிரதி எடுக்க உட்கார்ந்த ஒருவருக்குக் கை நின்றிருக்கும். அப்போஸ்தலன் பொய் சொல்லமாட்டாரே. முன்னால் எழுதினவன்தான் தவறியிருப்பான் என்று எண்ணி அந்தச் சின்னச் சொல்லை நகர்த்திவைத்திருப்பார். நகர்த்திய பிறகு வசனம் உபதேசத்துக்கும் ஒத்துத்தான் போகிறது: சாவு எல்லாருக்கும் உண்டு, மகிமையான மறுரூபம் விசுவாசிகளுக்கு மட்டும்.

அப்படியானால் பவுல் எழுதினது எது? பழைய பிரதிகளை ஆராய்கிறவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பிரதி எடுப்பவர் கடினமானதை எளிதாக்கப் பார்ப்பார்; எளிதாக இருக்கிறதைக் கடினமாக்க மாட்டார். ஆகவே உறுத்துகிற வாசகமே பெரும்பாலும் முதல் வாசகம். அதோடு அடுத்த வசனத்தையே பாருங்கள். 52-ல் "மரித்தோர்" ஒரு பக்கம், "நாம்" ஒரு பக்கம் என்று பவுல் பிரித்துப் பேசுகிறார். எல்லாரும் செத்துப்போயிருப்பார்கள் என்றால் அந்தப் பிரிவுக்கே இடமில்லை. நம் தமிழ் வேதாகமத்தில் இருப்பதுதான் பவுலின் வார்த்தை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. சொல்லை நகர்த்தின அந்த முகம் தெரியாத மனிதரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அவர் வீட்டிலும் ஒரு அம்மம்மா இருந்திருக்கலாம்.

வருகை தன் நாளிலேயே என்று பவுல் ஏன் அவ்வளவு உறுதியாக எதிர்பார்த்தார்? இதைப் புரிந்துகொள்ள, நம் ஊரில் காலத்தைப் பற்றிப் பேசுகிற விதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். "கலி முத்திப் போச்சு" என்பார்கள் பெரியவர்கள். யுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீர்கெட்டுக்கொண்டே போய், கடைசியில் பிரளயம் வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. கிறிஸ்தவ வீடுகளிலும் "கடைசி காலம்" என்று சொல்லும்போது பாதி நேரம் இந்தக் கலிகாலத்தைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறோம் போலும். பவுல் படித்த யூத சாஸ்திரத்தில் யுகம் இரண்டுதான்: இப்பொழுதுள்ளது ஒன்று, வரப்போவது ஒன்று. வரப்போகிற யுகத்தின் அடையாளம் மரித்தோர் எழுந்திருப்பது. அந்த உயிர்த்தெழுதல் ஒருவரிடத்தில் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று தமஸ்குவுக்குப் போகிற வழியில் பவுல் கண்டுகொண்டார்.

அதனால்தான் 15:20-ல் கிறிஸ்துவை "முதற்பலன்" என்கிறார். அறுப்பின் பண்டிகைக்கு முதல் கதிரையும் முதல் காயையும் ஆலயத்துக்குக் கொண்டுவருகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மரத்தில் முதல் மாம்பழம் பழுத்துவிட்டதென்றால் மற்றவை பழுக்க அடுத்த தலைமுறை வரைக்குமா காத்திருப்போம்? புதிய யுகம் பழைய யுகத்துக்குள்ளேயே விடியத் தொடங்கிவிட்டது, இரண்டும் இப்போது ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன என்பதே பவுலின் கணக்கு. பஞ்சம், யுத்தம், பூமியதிர்ச்சி என்று பட்டியல் பார்த்து அவர் இதைச் சொல்லவில்லை. காலியாயிருந்த கல்லறையைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது தங்கச்சியின் கேள்வி. இதே கேள்வியைச் சுமார் கி.பி. 50-லேயே தெசலோனிக்கே சபையார் கேட்டுவிட்டார்கள். அது பவுல் தொடங்கிச் சில மாதங்களே ஆன சபை. "ஆண்டவர் வருவார், நாம் காண்போம்" என்று கேட்டு விசுவாசித்தவர்களில் சிலர் அதற்குள் மரித்துப்போனார்கள். மற்றவர்கள் கலங்கிப்போனார்கள். நாங்கள் காண்போம், அவர்கள் காணமாட்டார்களோ? 1 தெசலோனிக்கேயர் 4:13-18 அந்தக் கண்ணீருக்கு எழுதின பதில். மேகம், எக்காளம், பிரதான தூதனின் சத்தம் எல்லாம் அதில் வருகின்றன என்பதற்காக அதைக் கடைசிகாலக் கால அட்டவணை மாதிரி வாசிக்கப் பழகிவிட்டோம். உண்மையில் அது இழவு வீட்டுக்கு எழுதின கடிதம். அதில் பவுல் சொல்லும் செய்தி மிகவும் எளிமையானது: உயிரோடிருக்கிற நாம் அவர்களை முந்திக்கொள்ளப் போவதில்லை, முதலில் எழுந்திருப்பது அவர்கள்தான். பகுதியின் கடைசி வரியும், இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்பதுதான்.

ஆகவே தங்கச்சி, அம்மம்மா எதையும் தவறவிடவில்லை. பவுலின் வரிசையில் அவர் நமக்கு முன்னால் நிற்கிறார்.

அதே பகுதியில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். 17-ஆம் வசனத்தில், ஆகாயத்தில் கர்த்தருக்கு "எதிர்கொண்டு" போவோம் என்கிறது நம் வேதாகமம். மொழிபெயர்த்தவர்கள் மிக அழகான சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்பில் நம்மவர்கள் மேளதாளத்தோடு தெருமுனை வரைக்கும் எதிர்கொண்டு போவார்கள். போனவர்கள் மாப்பிள்ளையோடு அங்கிருந்தே வேறு ஊருக்குப் போய்விடுவதில்லை. அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருவார்கள். கிரேக்கச் சொல்லும் அப்படித்தான், பட்டணத்தார் வெளியே போய் அரசனையோ அதிகாரியையோ வரவேற்று உள்ளே அழைத்து வருவதற்கு வழங்கியது. அப்போஸ்தலர் 28:15-ல் ரோமாபுரி சகோதரர் பவுலைப் பார்க்க அப்பியுபுரம் வரைக்கும் வந்தார்களே, அங்கேயும் இதே சொல். வந்தவர்கள் பவுலோடு ரோமாபுரிக்குத் திரும்பினார்கள். "இரகசிய வருகை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களோடு வழக்காட இந்தப் பக்கத்தைப் பயன்படுத்தப் போவதில்லை. ஆனாலும் தேவ எக்காளமும் பிரதான தூதன் சத்தமும் சேர்ந்து கேட்கிற ஒன்று இரகசியமாக எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தோன்றாமல் இல்லை.

பவுல் மனதிலிருந்த வானமும் பூமியும் நம் பாடப்புத்தகத்தில் இருப்பதைப்போல அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிலிப்பியர் 2:10-ல் உலகம் மூன்று அடுக்கு: மேலே, இங்கே, பூமிக்குக் கீழே. 2 கொரிந்தியர் 12:2-ல் வானத்துக்கே அடுக்குகள் உண்டு, மூன்றாவது வரைக்கும் ஒருவர் எடுத்துக்கொள்ளப்பட்டார். எபேசியர் 2:2-ல் ஆகாயவெளி அதிகாரங்கள் குடியிருக்கிற இடம். அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாருக்கும் பொதுவான படம் இது. பவுல் தன் செய்தியை அந்தப் படத்தின்மேல் எழுதினார். இன்றைக்கு இருந்தால் விண்மீன் கூட்டங்களை வைத்து எழுதியிருப்பார்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு சொல் நமக்கு முக்கியம். 2 பேதுரு 3:10-ல் "பூதங்கள்" வெந்து உருகும் என்று வருகிறது. ஓய்வுநாள் பள்ளியில் இதைக் கேட்டுப் பேய்பூதம் என்று நினைத்த பிள்ளைகள் எத்தனை பேரோ! பேய்க்குக் கெட்ட முடிவு வருகிறது, நல்லதுதானே என்று சந்தோஷப்பட்ட பிள்ளைகளையும் எங்களுக்குத் தெரியும். இங்கே பூதம் என்றால் நிலம், நீர், தீ, காற்று என்கிற மூலப்பொருள். நம்மவர் ஆகாயத்தையும் சேர்த்து ஐம்பூதம் என்பார்கள். கிரேக்கர் பெரும்பாலும் நாலோடு நிறுத்திக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இதே கிரேக்கச் சொல் கலாத்தியர் 4:3-லும் கொலோசெயர் 2:8-லும் வருகிறது, அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் "வழிபாடுகள்" என்று போட்டிருக்கிறார்கள். உலகத்தின் அந்த அடிப்படைச் சக்திகளுக்கு அடிமையாயிருந்தீர்கள், இப்போது விடுதலை பெற்றீர்கள், மறுபடியும் அவற்றினிடம் போவானேன் என்று பவுல் கலாத்தியரைக் கேட்கிறார். போவது என்றால் என்ன? அடுத்த வசனத்திலேயே சொல்கிறார்: நாள் பார்ப்பது, மாதம் பார்ப்பது, காலமும் வருஷமும் பார்ப்பது.

ராகு காலம் பார்க்கிற அயலாரைப் பற்றிப் பிரசங்கம் பண்ண இந்த வசனத்தை எடுப்போம். வருகைக்கு வருஷம் பார்க்கிற நம் வீடியோக்களுக்கும் அது பொருந்துமே என்பது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

நாள் பார்த்து நொந்துபோன ஒருவர் இந்தச் சாக்சனி தேசத்திலேயே இருந்தார். மிக்கேல் ஸ்டீஃபெல் என்று பெயர், லூத்தரின் நண்பர், லொக்காவ் என்ற ஊரின் போதகர். கணக்கில் புலி. வேதத்திலும் கணக்குப் போட்டார். பத்தாம் லியோ என்ற போப்பின் பெயரை லத்தீனில் எழுதி, அதில் ரோம எண்களாக வரக்கூடிய எழுத்துகளை மட்டும் கூட்டினால் 1656 வருகிறது. "பத்தாம்" என்பதற்காக ஒரு 10 சேர்த்தார், 1666. ஆயிரத்தைக் குறிக்கிற "எம்" என்ற எழுத்தை, அது "மிஸ்தேரியும்", அதாவது இரகசியம், என்று சொல்லிக் கழித்துவிட்டார். மீதி 666! வேண்டிய விடை கையில் இருந்தால் கூட்டலும் கழித்தலும் எவ்வளவு கீழ்ப்படிகின்றன பாருங்கள். பிறகு இந்த மாதிரிக் கணக்கிலேயே நியாயத்தீர்ப்பின் நாளையும் கண்டுபிடித்தார்: 1533 அக்டோபர் 19, காலை எட்டு மணி. லூத்தர் வேண்டாம் என்றார். கேட்கவில்லை. சபையார் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். எட்டு மணி வந்தது, போனது. ஸ்டீஃபெல் காவலில் வைக்கப்பட்டார், ஊழியமும் போயிற்று. லூத்தரும் மெலாங்க்தனும் பரிந்து பேசி, 1535-ல் ஹோல்ஸ்டார்ஃப் என்ற ஊரில் அவருக்கு வேறு சபை கிடைக்கச் செய்தார்கள். அதே மனிதர் 1544-ல் வெளியிட்ட கணித நூல் இன்றைக்கும் கணித வரலாற்றில் மதிப்போடு பேசப்படுகிறது. அவ்வளவு கூர்மையான மூளைக்கே இந்த விஷயத்தில் சறுக்கிற்றென்றால், வீடியோ போடுகிறவர்களை என்ன சொல்ல.

ஸ்டீஃபெலை லூத்தர் கைவிடவில்லை என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். தேதி பொய்த்துப்போனபின் விசுவாசத்தையே விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அந்த வேளையில் "நான் அப்பவே சொன்னேன்" என்கிற குரல் எதற்கும் உதவாது.

பெர்னர் பிரதி இருக்கிற அதே நூலகத்தில், முடிவு காலத்தோடு பெயர் சேர்ந்துபோன இன்னொரு புஸ்தகமும் உண்டு: மெக்சிக்கோ, குவாத்தமாலா பக்கத்து மாயா மக்களின் ஏடு. 39 இலைகள், மரப்பட்டைத் தாள், விரித்தால் மூன்றரை மீட்டர் நீளம். 1739-ல் வியன்னாவில் வாங்கப்பட்டு இங்கே வந்தது. 2012 டிசம்பர் 21-ல் உலகம் முடியும் என்று ஒரு வதந்தி உலகத்தைச் சுற்றியதே, தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும்கூடப் பேசினார்களே, அப்போது இந்த ஏட்டின் கடைசிப் பக்கத்திலிருக்கிற வெள்ளப் படத்தைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். ஏடு உண்மையில் நம் ஊர்ப் பஞ்சாங்கத்துக்கு ஒப்பானது: வெள்ளிக் கிரகத்தின் ஓட்டம், கிரகண காலங்கள், எந்த நாளில் எந்தச் சடங்கு. 22-ஆம் தேதி விடிந்தது, எல்லாரும் கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவு பிசையப் போனார்கள்.

டிரெஸ்டனுக்கு முடிவு வந்த நாளை எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை. 1945 பிப்ரவரி 13, லெந்து தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை இரவு. குண்டுகளும் அவை மூட்டிய நெருப்பும் நகரத்தின் நடுப்பகுதியை விழுங்கின. விடிந்தபோது சாம்பல் புதன். சுமார் 25,000 பேர் வரை மரித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குழு பின்னாளில் கணக்கிட்டது. ஃபிராவன்கிர்க்க என்கிற பெரிய கல் ஆலயம் இரண்டு நாள் அந்தச் சூட்டில் நின்றுவிட்டு, 15-ஆம் தேதி காலையில் இடிந்து விழுந்தது. 2 பேதுரு 3:10-ஐ அன்றைக்கு இந்த ஊரில் வாசித்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. நூலகம் அப்போது ஆற்றங்கரை அரண்மனை ஒன்றில் இருந்தது. மாயா ஏடு நிலவறைக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிப்போனது. பெர்னர் பிரதியும் அந்த யுத்தத்தில் தண்ணீரால் பலமாகக் கெட்டுவிட்டது. இன்று சில இடங்களில் எழுத்து சரியாகத் தெரியாமல், 1909-ல் அச்சிட்டு வைத்த நிழற்படப் பதிப்பைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் வாசிக்கிறார்கள்.

அந்த வருஷம் உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டிய நாட்களில், சிலுவை ஆலயத்துப் பையன்கள் பாடகர் குழுவை நடத்தின ருடால்ஃப் மவர்ஸ்பெர்கர் ஒரு பாட்டு எழுதினார். அவருடைய குழுவிலேயே பதினொரு பையன்கள் அந்த இரவில் மரித்திருந்தார்கள். வசனங்களை எந்தப் புஸ்தகத்திலிருந்து எடுத்தார் தெரியுமா? நாமாயிருந்தால் வெளிப்படுத்தலைப் புரட்டியிருப்போம். அவர் எடுத்தது எரேமியாவின் புலம்பல். ஆகஸ்ட் 4-ஆம் தேதி, எரிந்துபோன அதே ஆலயத்தில், மீந்த பையன்கள் அதைப் பாடினார்கள். முத்திரைகளை எண்ணாமல் செத்தவர்களுக்காக அழுதார்கள்.

நம் பெரியவர்களுக்கும் இது புரியும். 1983-ஐக் கண்டவர்கள், 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்பட்ட நேரத்தில் கடல் வந்ததைக் கண்டவர்கள், 2009-ஐ வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய உலகம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முடிந்திருக்கிறது. "ஆண்டவரே, வாரும்" என்று அவர்கள் ஜெபிக்கிறபோது நாட்காட்டி நினைவில் இருப்பதில்லை. நியாயம் கிடைக்காமலே புதைக்கப்பட்டவர்கள் நினைவில் இருக்கிறார்கள். அந்த அம்மம்மா "கண்ணாலதான் பாப்பன்" என்று சொன்னதை நாங்கள் அப்படித்தான் கேட்கிறோம்.

பவுலுக்கே காலம் போகப்போக ஒன்று மாறிற்று. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது "உயிரோடிருக்கும் நாம்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டவர், பிற்பாடு சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது (1:21-23) தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருக்கவும் ஆயத்தமாகிவிட்டார். அதனால் வருகையைப் பற்றின நம்பிக்கையை அவர் கழற்றி வைத்துவிடவுமில்லை. அதே நிருபத்தில் (3:20-21) கிறிஸ்து வந்து நம் உடலை மறுரூபப்படுத்துவார் என்று மறுபடி எழுதுகிறார். காண்பேன் என்று சொல்லியிருந்து, காணுமுன்னே கண்மூடினவர்களின் பட்டியலில் அப்போஸ்தலனுடைய பெயரும் உண்டு.

நூலகத்தார் பெர்னர் பிரதியை முழுவதும் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஒருமுறை பாருங்கள், தண்ணீர்க் கறையும் தெரியும். பார்த்த பிறகு தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்து வீட்டில் எல்லாரும் சேர்ந்து உரத்து வாசியுங்கள். ஆனால் 58-ஆம் வசனத்தில் புஸ்தகத்தை மூடிவிடாதீர்கள். அதிகாரம், வசனம் என்ற பிரிவெல்லாம் பவுல் போட்டதல்ல, பின்னால் வந்தது. கடைசி எக்காளம் தொனித்து, மரணம் விழுங்கப்பட்டு, ஸ்தோத்திரம் சொல்லி முடித்த கையோடு அவர் அடுத்துப் பேசுகிற விஷயம் எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்ப்பது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்க வேண்டும், தான் வந்த பிறகு அவசரமாகச் சேர்க்கக் கூடாது என்கிறார். பிறகு தன் பிரயாணத்தைச் சொல்கிறார். பெந்தெகொஸ்தே வரைக்கும் எபேசுவில் இருப்பாராம், பிறகு மக்கெதோனியா வழியாக வருவாராம், முடிந்தால் மழைகாலம் முழுவதும் அவர்களோடே தங்குவாராம்.